பிசுக்குப் போகாத பீங்கான்கள்

விருந்து முடிந்து, பீங்கான்களைப் பாத்திரம் கழுவும் மெஷினில் அடுக்கிவிட்டு ஓய்ந்திருக்கிறீர்கள். பிறகு திறந்து பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே! சகோதரிகளே, தூளைக் குறை சொல்லுமுன் தண்ணீர் சூடாகிறதா என்று பாருங்கள்.

முதல் அலசல் குளிர்நீரில்தான் நடக்கும். ஆகவே அரை மணி நேரம் கழித்து மெஷினை நிறுத்தி, ஆவி முகத்திலடிக்காமல் கதவை மெல்லத் திறவுங்கள். கோப்பைகள் குளிர்ந்தே இருந்தால் சூடாக்கும் கம்பியிலோ வெப்ப உணரியிலோ கோளாறு இருக்கலாம். வடிகட்டி அடைபட்டு நீரோட்டம் குறைந்தாலும் சில மெஷின்கள் சூடாக்காது. அதைக் கழுவுவது நம் கைவேலைதான். சூடேறும் வேளையில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கம்பியையே சந்தேகியுங்கள்.

வெப்ப உணரி மிகச் சிறிய சாமான். சூடு கூடக்கூட அதன் மின்தடை குறையும். பல மெஷின்களில் 25 பாகை செல்சியஸில் சுமார் 10,000 ஓம் இருக்கும். வெந்நீரில் பிடித்தும் மீட்டரில் அந்த அளவு இறங்காவிட்டால் உணரி பழுது. 2,000 வாட் கம்பியென்றால் சுமார் 26 ஓம் காட்டும்.

பிளக்கைக் கழற்றிய பின், வேலை தெரிந்தவரே இதை அளக்கட்டும். தண்ணீரும் மின்சாரமும் சேருமிடத்தில் நமக்கு வீரம் வேண்டாம். ஆனால் வந்தவர், "போர்டையே மாற்ற வேண்டும்" என்றால், இவ்விரண்டையும் அளந்தீர்களா என்று கேளுங்கள். போர்டின் விலை எங்கே, உணரியின் விலை எங்கே!

புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்பு நீர்ப் பகுதிகளில் கம்பியில் சுண்ணாம்பு படியும். மெஷினுக்குரிய உப்பைத் தவறாமல் இடுங்கள். கறிக்குப் போடும் உப்பு அதற்கு ஆகாது.