பதினோரு மில்லிமீட்டரில் தொங்கும் உயிர்

ஊர்க்கோடியில் ஒரு தரைக்கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. மேய்ந்துகொண்டிருந்த பசு கால் இடறி உள்ளே விழுந்துவிடுகிறது. யாரோ 101-க்கு அழைக்கிறார்கள். சிவப்பு வண்டி வந்து நிற்கிறது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஏணியை எதிர்பார்க்கும். வண்டியிலிருந்து முதலில் இறங்குவதோ கயிறு.

தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறையின் பெயரிலேயே ‘மீட்புப் பணிகள்’ என்ற சொற்கள் சேர்ந்திருக்கின்றன. கிணறு, பாறை இடுக்கு, ஆற்று வெள்ளம் என்று எங்கே யார் மாட்டிக்கொண்டாலும் அழைப்பு இவர்களுக்குத்தான். தண்ணீர் பீய்ச்சும் ஹோஸுக்கு வேலை இல்லாத நாள்கூட இருக்கும், கயிற்றுக்கு இருக்காது. அந்தக் கயிற்றைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? கொடி கட்டும் நைலான் கயிறு, வாளி கட்டும் தாம்புக்கயிறு, கோயில் தேரின் வடம். எல்லாமே கயிறுதானே என்று நினைத்தால், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பழைய கயிறு. பல நிலையங்களில் நீண்ட காலம் கோலோச்சியது மணிலா கயிறு. நம் வட மாவட்டங்களில் ‘மணிலா’ என்றால் வேர்க்கடலை. இது அதுவல்ல; பிலிப்பைன்ஸில் விளையும் அபாகா என்ற செடியின் நார். அபாகா நம் வாழைக்கு நெருங்கிய உறவு. அந்த நாரை மூன்று புரியாக முறுக்கிய கயிறு கைக்கு நல்ல பிடி கொடுக்கும், வெயிலைத் தாங்கும். சூடு பட்டால் கருகுமே தவிர உருகாது. குறை என்னவென்றால், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். முறுக்கைப் பிரித்தால் பொடி உதிரும்.

முறுக்குக் கயிற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. பாரம் ஏறியதும் முறுக்கு அவிழப் பார்க்கும். கிணற்றுக்குள் தொங்குகிற ஆள் பம்பரமாகச் சுழல்வார். இருட்டுக் கிணற்றில் தலைசுற்றலோடு தொங்கிக்கொண்டு எப்படி இன்னொருவரைக் காப்பாற்றுவது?

இதற்கு விடையாக வந்ததுதான் இன்று உலகம் முழுவதும் மீட்புப் படைகள் பயன்படுத்தும் ‘கெர்ன்மேன்டல்’ கயிறு. ஜெர்மன் பெயர், கெர்ன் என்றால் உள்கரு, மேன்டல் என்றால் மேலங்கி. பாவாடைக்குள் நாடா ஓடுவதுபோல, உள்ளே நைலான் இழைகள் நெடுக ஓடும். மேலே தலைமுடி பின்னியதுபோல இறுக்கமான உறை. பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது உள்கரு. உரசல், மண், வெயில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அதைக் காப்பது உறை. இந்தக் கயிறு சுழலாது.

இதிலும் இரண்டு ஜாதி. மலையேறுகிறவர்கள் பயன்படுத்துவது நன்றாக நீளும் கயிறு. பாறையில் கால் வழுக்கி விழுந்தால், கயிறு நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கயிறு அறுவதற்கு முன் இடுப்பெலும்பு போய்விடும். மீட்புப் பணிக்கு வேண்டியது நேர் எதிர்: அதிகம் நீளாத கயிறு. ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கட்டி மேலே தூக்கும்போது, கயிறு ரப்பர்போல இழுபட்டால் அவர் மேலும் கீழும் குதித்துச் சுவரில் மோதுவார். ஒரு ஆளின் பாரத்துக்கு இது 5 சதவிகிதத்துக்கு மேல் நீளக்கூடாது என்கிறது ஐரோப்பியத் தர விதி. ஒன்றின் வேலைக்கு இன்னொன்றை எடுத்தால் இரண்டுமே தப்பு.

நல்ல 11 மில்லிமீட்டர் கயிறு, சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். ஆனால், 2,000 கிலோவுக்கு மேல் தாங்கும். 80 கிலோ ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றும். கணக்கு இப்படிப் போகிறது: முடிச்சு போட்டாலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். நைலான் நனைந்தால் இன்னும் பத்து, பதினைந்து சதவிகிதம் குறையும். கிணற்றின் கல் விளிம்பில் மடங்குவது ஒரு பங்கைத் தின்னும். மேலே இருப்பவர் கை நழுவி, தொங்குகிறவர் ஓரடி விழுந்து சட்டென்று நின்றால் அந்த ஒரு நொடியில் பாரம் பல மடங்காகும். எல்லாம் போக மீதி இருப்பதில்தான் உயிர் தொங்குகிறது.

நியூயார்க் கற்ற பாடம்

இந்தக் கணக்கு ரத்தத்தில் எழுதப்பட்டது. 1980 ஜூன் மாதம், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கட்டடத்தில் தீ. தப்பிக்க வழியின்றி ஜன்னலில் மாட்டிக்கொண்ட தீயணைப்பு வீரரை மீட்க, இன்னொரு வீரரைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். அவர் தன் சகாவைப் பிடித்துக்கொண்டார். இருவரின் பாரமும் கயிற்றில் ஏறியது. கயிறு அறுந்தது. இருவருமே பிழைக்கவில்லை.

உயிர்காக்கும் கயிறு எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் தனியாக ஒரு தர விதி அதற்குப் பிறகுதான் வந்தது, 1985-ல். ஒரு ஆள் என்றால், உடுப்பு, கருவிகளோடு சேர்த்து 136 கிலோ என்று வைத்துக்கொள். அதைப்போல 15 மடங்கு தாங்கும் கயிறாக இருக்கட்டும். இரண்டு ஆள் என்றால் இதுவும் இரட்டிப்பு.

அதே நகரம், 2005 ஜனவரி 23. பிராங்க்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பின் மேல்தளத்தில் தீயில் சிக்கிய ஆறு வீரர்கள் ஜன்னல் வழியே குதிக்க வேண்டியதாயிற்று. இருவர் இறந்தார்கள், நால்வருக்குப் படுகாயம். ஒவ்வொரு வீரருக்கும் முன்பு தரப்பட்டிருந்த தனிக் கயிறு, 2000-ம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டிருந்தது. அந்த ஆறு பேரில் ஒருவரிடம் மட்டும் சொந்தக் காசில் வாங்கிய கயிறு இருந்தது. அந்த ஒற்றைக் கயிற்றை இரண்டு பேர் பயன்படுத்தினார்கள். பலத்த காயங்களோடு இருவரும் அன்று பிழைத்தார்கள். அதே ஆண்டு நகர நிர்வாகம் எல்லா வீரர்களுக்கும் கொக்கியோடு கூடிய தப்பிக்கும் கயிறு கொடுக்கத் தொடங்கியது.

கயிற்றை மிச்சம் பிடிப்பது எவ்வளவு பெரிய செலவில் முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

தீயின் நடுவே பயன்படுத்தும் கயிற்றுக்கு நைலான் ஆகாது. அடுப்படியில் நைலான் சேலை கட்டாதே என்று பாட்டி திட்டுவாரே, அதே காரணம்தான்: அது உருகும். சுமார் 250 டிகிரியை நெருங்கும்போது நைலான் கூழாகிவிடும். தப்பிக்கும் கயிறுகளை அராமிட் என்ற இழையில் செய்கிறார்கள். குண்டு துளைக்காத உடுப்பு செய்கிற அதே குடும்பத்து இழை, உருகாது.

நைலானைச் சூடாக்கத் தீகூட வேண்டாம். ஒரு நைலான் கயிற்றின் மீது இன்னொரு நைலான் கயிறு ஒரே இடத்தில் வேகமாக ஓடினால், அந்த உரசல் சூட்டிலேயே கீழே இருப்பது அறுந்துவிடும். ‘ஓடுகிற கயிறு, நிற்கிற கயிற்றைத் தொடக்கூடாது’ என்பது பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது.

கிணறு விழுங்கும் மூன்றாவது ஆள்

செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் செய்தி இது. கிணற்றைத் தூர்வாரவோ மோட்டாரைப் பழுது பார்க்கவோ ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ இறங்குகிறார். அவரும் விழுகிறார். பதறிப்போய் மூன்றாவது ஆளும் இறங்குவார். விஷவாயுவோ ஆக்ஸிஜன் குறைவோ கண்ணுக்குத் தெரியாது. கழிவுநீர்த் தொட்டிகளில் இன்னும் மோசம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை.

இங்கே கயிற்றின் வேலை எளிமையானது. முதலில் இறங்கும் ஆளின் உடம்பிலேயே கயிறு கட்டியிருந்தால், அவர் பேச்சு நின்ற அடுத்த நொடி மேலே இருப்பவர்கள் இழுக்கலாம். யாரும் இறங்கவே தேவையில்லை. தீயணைப்பு வீரர்கள் சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு இறங்கும்போதுகூடக் கயிறு இல்லாமல் போவதில்லை.

எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். இடுப்பில் மட்டும் சுற்றிக் கட்டினால், தொங்கும்போது அது மேலேறி நெஞ்சை இறுக்கி மூச்சை அடைக்கும். உடம்பு முழுக்க மாட்டும் பெல்ட் இருந்தால் நல்லது. இல்லாத இடத்தில் கைகொடுப்பது ‘சேர் நாட்’ என்ற நாற்காலி முடிச்சு. ஒரே கயிற்றில் இரண்டு வளையம். ஒன்று அக்குளுக்கு அடியில், இன்னொன்று முழங்காலுக்கு அடியில். மயங்கிய ஆள்கூட உட்கார்ந்த வாக்கில் மேலே வருவார். இறுகிச் சுருங்காத வளையம் போடுவதற்கு ‘போலைன்’ முடிச்சு. சுருக்கு விழும் முடிச்சை மனித உடம்பில் போடவே கூடாது.

பசுவுக்கு? கழுத்தில் கயிறு போட்டு இழுத்தால் பிணமாகத்தான் வரும். கயிறு மட்டும் வயிற்றை அறுக்கும் என்பதால், கழித்துப்போட்ட பழைய ஹோஸை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தொட்டில் கட்டுவார்கள். தட்டையாக, அகலமாக இருப்பதால் பாரம் பரவிவிடும்.

தூக்கும்போது விளிம்பில் சாக்கை மடித்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கிணறுகளின் கல்லில் வாளிக் கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கும். கல்லையே அப்படித் தேய்க்கிற உரசல், கயிற்றை மட்டும் சும்மா விடுமா? சாக்கு போட்டால் கயிறும் பிழைக்கும், இழுப்பதும் சுலபம்.

வெள்ளத்தில் விதி தலைகீழ். ஓடும் தண்ணீரில் இறங்குகிறவர் உடம்பில் கயிற்றைக் கெட்டியாக முடிந்து கரையில் கட்டுவது பாதுகாப்பு போலத் தோன்றும். கயிறு இறுகியதும் நீரோட்டம் அவரைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் பிரத்யேக பெல்ட் இல்லாமல் கட்டவே கூடாது. வெள்ளத்துக்கு வேறு கயிறும் உண்டு: பாலிப்ரொப்பிலீன். மிதக்கும். சிறு பைக்குள் அடைத்து, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு பையை வீசுவார்கள். முடிந்தவரை மீட்பவர் கரையிலேயே நிற்க வேண்டும்.

கயிற்றுக்கும் ஒரு ஜாதகம்

கயிறு வைத்திருப்பது பெரிதில்லை, பராமரிப்பதுதான் வேலை. ஒழுங்கான நிலையத்தில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு அட்டை இருக்கும். தயாரித்த தேதி, எந்தெந்த வேலைக்குப் போனது, அதிர்ச்சி இழுப்பு ஏதும் வாங்கியதா, யார் சோதித்தார் எல்லாம் அதில் ஏறும்.

சோதனைக்கு எந்திரம் கிடையாது, விரல்தான். கயிற்றை அங்குலம் அங்குலமாக விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் மெத்தென்று அமுங்கினால் உள்கரு உடைந்திருக்கலாம். வீங்கியிருந்தாலும் சந்தேகம்தான். உறை பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் சூட்டில் உருகியிருக்கிறது என்று அர்த்தம். பார்ப்பதற்கு நன்றாக இருந்தும் பாரம் வேகமாக விழுந்து நிறுத்திய கயிறென்றால், அதை மறுபடி ஆளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கயிற்றை மிதித்தால் திட்டு விழும். மரியாதைக் குறைவு என்பதால் அல்ல. செருப்பு அழுத்துகிற மணல் துகள் உறைக்குள் புகுந்து, உள்ளிருந்தே இழைகளை ரம்பம்போல அறுக்கும். அழுக்கானால் மிதமான சோப்பு, குளிர்ந்த தண்ணீர். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. காய வைப்பது நிழலில். வண்டியின் பேட்டரிக்குப் பக்கத்தில் வைப்பது மகா தப்பு. அமிலத்தின் ஆவியே நைலானைத் தின்றுவிடும், வெளியே அடையாளமே தெரியாது. மழையில் சிக்கிய லாரியை இழுக்க மீட்புக் கயிற்றை எடுப்பது இன்னொரு தப்பு. அதற்குத் தனிக் கயிறு.

எவ்வளவு பத்திரமாக வைத்தாலும், ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும், பத்து ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்பதே பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கணக்கு.

கிணறு இருக்கும் வீடு, தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு கெட்டியான கயிற்றையும், காற்றடித்த லாரி டியூப் ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கலாம். யாராவது விழுந்தால் கயிறு கட்டிய டியூபைப் போட்டு, அவர் மிதந்துகொண்டிருக்கும்படி செய்துவிட்டு 101-க்கோ 112-க்கோ அழையுங்கள். துணி காயப்போடும் கொடிக் கயிற்றை நம்பி யாரும் உள்ளே இறங்க வேண்டாம்.

ஓய்வு பெற்ற கயிற்றை என்ன செய்கிறார்கள்? அப்படியே மூலையில் போட்டால், அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள். அதனால், ஆள் தொங்க முடியாதபடி இரண்டு மூன்று மீட்டர் துண்டுகளாக வெட்டிவிடுவது வழக்கம். அந்தத் துண்டுகளில்தான் புதிதாகச் சேர்ந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டே போலைன் போடும் வரை முடிச்சு பழகுவார்கள்.