கல்யாணத்துக்கு முன்னாடி குடும்ப விருந்து... 60 பேருக்கு ஹோட்டல் புக் பண்றீங்களா? இதையெல்லாம் கேளுங்க!

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கும் தேர்வாய் கண்டிகையைப் பலருக்கு இரண்டு விஷயங்களால் தெரியும். ஒன்று, 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். இன்னொன்று, சிப்காட் தொழிற்பூங்கா. அங்கேதான் மிஷ்லின் டயர் தொழிற்சாலை இயங்குகிறது. உலகின் பெரிய பெரிய செஃப்கள் ஏங்கும் ‘மிஷ்லின் ஸ்டார்’ கொடுப்பதும் இதே கம்பெனிதான்! 1900-ல் கார் வைத்திருப்பவர்களுக்காக பிரான்ஸில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். 1926 முதல் நல்ல உணவகங்களுக்கு அதில் ஸ்டார் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த ஸ்டார் தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்கு மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்பு இரு வீட்டாரும் சேர்ந்து சாப்பிட ஹோட்டல் தேடுகிறவர்களுக்குக் கவலையே வேறு. 60 பேருக்கும் ஒரே நேரத்தில் சூடாகப் பரிமாறுவார்களா? எல்லோரும் நேரத்தோடு வீடு திரும்ப முடியுமா? மறுநாள் முகூர்த்தத்துக்கு யாருக்கும் வயிறு கெடாமல் இருக்குமா? சம்பந்திகள் சேர்ந்து சாப்பிடும் முதல் சாப்பாடு இது. ‘எங்க பெரியப்பாவை யாருமே கவனிக்கலை’ என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது பேரன், பேத்தி எடுத்த பிறகும் ஓயாது.

வரும் வழி, போகும் வழி

பெண் வீடு தேர்வாய் கண்டிகை, மாப்பிள்ளை வீடு சென்னை என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு உள்ளேயே இடம் பார்த்தால், சென்னையிலிருந்து வருபவர்கள் இருட்டில் திரும்ப வேண்டும். சென்னையில் பார்த்தால், இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை பக்கம் என்றால் ஜி.என்.டி சாலையும் இருக்கிறது, சென்னை சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலும் இருக்கிறது.

சிப்காட் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு... ஷிஃப்ட். மாமாவும் சித்தப்பா பையனும் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருவார்கள், யாருக்கு நைட் ஷிஃப்ட் என்று கேட்டுவிட்டுத்தான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். மறுநாள் காலையிலேயே முகூர்த்தம் என்றால் இரவு 9 மணிக்குள் பந்தி முடிவது நல்லது. மாடியில் ஹால் என்றால் லிஃப்ட் இருக்கிறதா, பாத்ரூம் அதே தளத்தில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். முட்டி வலிக்காரர்கள் இல்லாத குடும்பம் எது?

நாற்காலியை எண்ணாதீர்கள், அடுப்பைக் கேளுங்கள்!

‘100 பேர் உட்காரலாம் சார்’ என்பார்கள். உட்காரலாம், சாப்பாடு வருமா? 60 பேரும் ஆளுக்கொரு ஐட்டம் ஆர்டர் செய்தால், முதல் மேஜை ஐஸ்க்ரீமுக்கு வரும்போது கடைசி மேஜைக்கு சூப் வந்திருக்காது. மெனுவை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் பாதிப் பிரச்னை தீரும். உங்கள் விருந்து சனிக்கிழமை இரவு என்றால், அதற்கு முந்தைய ஒரு சனிக்கிழமை இரவு அதே நேரத்துக்கு நான்கு பேராகப் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். பார்சலும் ஆன்லைன் ஆர்டரும் குவியும் நேரத்தில் மேஜையை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சைவத்துக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, முடிந்தால் தனி மேஜை என்று கேட்டு வாங்குங்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதி என்பதால் காரம் தூக்கலாக இருக்கலாம். குழந்தைகளுக்கும் அல்சர்காரர்களுக்கும் இட்லி, தயிர் சாதம் என்று ஏதாவது இருக்கட்டும்.

வயிறு பத்திரம்

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி உயிரிழந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. உணவகத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 7 மணி விருந்துக்கு 4 மணிக்கே பிரியாணியை இறக்கி வைக்கும் இடம் வேண்டாம். மிச்சமானதைக் கட்டிக்கொண்டு போய் காலையில் மண்டபத்தில் பிரிக்கும் பழக்கமும் வேண்டாம்.

பில்லைப் படியுங்கள்

உதாரணத்துக்கு, இலைக்கு 450 ரூபாய் என்றால் 60 பேருக்கு 27,000 ரூபாய். சாதாரண ரெஸ்டாரன்ட்டில் 5% ஜி.எஸ்.டி சேர்த்து 28,350 ரூபாய். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களில் இயங்கும் ரெஸ்டாரன்ட் என்றால் வரி 18%.

அடுத்தது ‘மினிமம் கேரன்டி’. 60 பேருக்கு ஒப்புக்கொண்டு 48 பேர் வந்தால், சாப்பிடாத 12 இலைக்கு வரியோடு 5,670 ரூபாய் போய்விடும். 50 பேருக்கு உறுதி, கூட வருபவர்களுக்கு அதே விலை என்று பேசிப் பாருங்கள். அட்வான்ஸ், கடைசி எண்ணிக்கை சொல்ல வேண்டிய நாள், தேதி மாறினால் பணம் திரும்ப வருமா... எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள்.

சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவர்களுக்கு மனமுவந்து கொடுக்கும் டிப்ஸ் வேறு விஷயம்.

பில்லை யார் கட்டுவது, பாதிப் பாதியா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். கல்லா அருகில் நின்று ‘நீங்க இருங்க, நான் தர்றேன்’ என்று இழுபறி நடந்தால், அதிலேயே யாருக்காவது மனசு சுணங்கும்.

எண்ணிக்கை சொல்லும்போது வேன் டிரைவரையும் போட்டோகிராபரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒருவராக இரண்டு பேர் கடைசியில் சாப்பிடட்டும். ஷிஃப்ட் முடிந்து தாமதமாக வரும் மாமாவுக்கு அவர்கள் இலை போட்டுக் கவனித்துவிட்டால், அடுத்த நாள் மண்டபத்தில் அவரே நல்லபடியாக நாலு பேரிடம் சொல்வார்.