பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் பதிவு எங்கே?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். 'எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்' என்று சொல்லும் குடும்பங்கள் தமிழகத்தில் இன்றும் உண்டு. எந்தப் படை, எங்கே இருந்தார், என்ன ஆனார் என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது.

எல்லா வீரர்களின் பெயரும் உள்ள ஒரே பதிவேடு எங்குமே இல்லை. அவர் திரும்பி வந்தாரா, இறந்தாரா, பிடிபட்டாரா என்பதைப் பொறுத்து ஆவணம் இருக்கும் இடமும் மாறும்.

முதலில் எண்

முத்துசாமி, அந்தோணி போன்ற பெயர்களில் எத்தனையோ பேர் படையில் இருந்தார்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே பெயர் பலவிதமாகப் பதிவாகியிருக்கும். எனவே படை எண்ணைத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, பழைய கடிதங்களின் முகவரி ஆகியவற்றில் அது இருக்கலாம். முதல் உலகப் போர்ப் பதக்கமானால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள்.

திரும்பி வந்தவர்

இந்தியச் சிப்பாய்களின் பணிப்பதிவுகள் பெரும்பாலும் லண்டன் போகவில்லை. அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில்தான் கேட்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியின் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படைக்கு பெங்களூரு. மெட்ராஸ் காலாட்படைகள் 1920-களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போதுதான் மீண்டும் திரட்டப்பட்டன. ஆகவே 1930-களில் மெட்ராஸ் பட்டாளத்தில் சேர்ந்தவர் என்றால் சாப்பர்ஸில் முதலில் விசாரிப்பது நல்லது.

பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் ஆவணங்கள் சில ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்பட்டிருக்கவும் கூடும். அப்போது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றவர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் மாநில அரசு மாத உதவித்தொகை வழங்குவதால், அதற்கான கோப்பு அங்கே இருக்கலாம்.

இறந்தவர், காணாமல் போனவர்

1917-இல் அமைந்த காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இரு உலகப் போர்களில் இறந்த சுமார் 17 லட்சம் பேரை நினைவுகூர்கிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். உயிரோடு திரும்பியவர் இதில் இருக்க மாட்டார். இந்து, சீக்கிய வீரர்கள் பலர் தகனம் செய்யப்பட்டதால், அவர்களுக்குக் கல்லறை இருக்காது; நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கும். பர்மாவில் காணாமல் போனவர்களுக்கு ரங்கூன் அருகே தௌக்கியானில் சுமார் 27,000 பெயர்கள் கொண்ட சின்னமும், மலேயா, சிங்கப்பூரில் காணாமல் போனவர்களுக்கு கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட சின்னமும் உள்ளன. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

பிடிபட்டவர்

முதல் உலகப் போர்க் கைதிகளுக்காக ஜெனீவாவில் செஞ்சிலுவைக் குழு எழுதிவைத்த அட்டைகளை 2014 முதல் இணையத்தில் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் என்றால் அதே குழுவிடம் விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். ஜப்பானியரிடம் பிடிபட்டவர்களைத் தேடுவதுதான் கடினம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சுமார் 40,000 இந்திய வீரர்கள் கைதானார்கள். பலர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நியூ கினி போன்ற தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போர்க் கைதிகள் பற்றிய 1929 ஜெனீவா உடன்படிக்கையை ஜப்பான் உறுதிசெய்யவில்லை. முகாம்களிலிருந்து கைதிகளின் பட்டியல்கள் தாமதமாகவும் அரைகுறையாகவுமே வந்தன.

பெயர் எழுதப்படாதவர்

முதல் உலகப் போரில் ஈராக்கில் மறைந்தவர்களுக்காக பாஸ்ராவில் எழுப்பிய சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் இருந்தன. இந்தியச் சிப்பாய்களைப் பொறுத்தவரை எண்ணிக்கை மட்டுமே இருந்தது. நம் ஊர்களில் பதித்த கல்வெட்டுகளும் இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. இது ஏட்டுப் பிழையல்ல, பாகுபாடு. அப்போரில் இறந்த 45,000 முதல் 54,000 வரையிலான இந்திய, ஆப்பிரிக்க வீரர்களுக்குச் சமமான நினைவு மறுக்கப்பட்டதை ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்ட மலேயத் தமிழ்த் தொழிலாளர்களோ சிப்பாய்கள் அல்லர் என்பதால் எந்தப் படைப் பட்டியலிலும் இல்லை.

விடுபட்ட வீரர்களின் பெயர்களைத் தகுந்த சான்றோடு அனுப்பினால் ஆணையம் இன்றும் பரிசீலிக்கிறது. படையில் இருந்தார், பணியின்போதோ அதன் காரணமாகவோ இறந்தார் என்று ஆவணம் காட்ட வேண்டும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் மரணத் தந்தியோ குடும்ப பென்ஷன் தாளோ அந்தச் சான்றாகலாம். பழைய காகிதம் என்று எதையும் எறிந்துவிடாமல், முதலில் நகலெடுத்து வையுங்கள்.