உங்களுக்குத் தெரியுமா? 15 வருடக் காரும் எஃப்.சி.யும்

திருச்சி–கரூர் சாலையில் ஜீயபுரம் வழியாக ஓடும் கார்களில் பழைய கார்களும் உண்டு. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. நடத்தும் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் தேறினால் 5 ஆண்டுகள் நீட்டிப்பு கிடைக்கும்.

இந்தச் சோதனையில் பழைய கார்கள் சிக்கும் இடங்கள்:

● டயர்: பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். டயர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

● ஸ்டீயரிங்: சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடும் ‘பிளே’ 30 டிகிரியைத் தாண்டக் கூடாது.

● விளக்கு: மஞ்சள் பூத்த ஹெட்லைட் கண்ணாடி, எரியாத பிரேக் லைட்.

● பிரேக்: ஒரு பக்கம் இழுப்பது, ஹேண்ட் பிரேக் பிடிக்காதது.

● அடிப்பகுதி: துரு அரித்த சேஸி, ஓட்டை விழுந்த சைலன்சர், படிக்க முடியாத சேஸி எண்.

பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். புகைச் சான்றும் இன்சூரன்சும் நடப்பில் இருக்கட்டும்.

பழைய கார் வாங்குகிறீர்களா? விலை பேசும் முன், நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டி, லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். குடும்பமே பயணிக்கும் வண்டி அது.