இறால் குட்டைக்கு எந்தத் தண்ணீர்?

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் பத்து சென்ட் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் உழவர் ஒருவர், வாளியில் சில நன்னீர் இறால்களைக் கொண்டுவந்து காட்டினார். விட்டு நான்கு மாதம் ஆகியும் அவை விரல் நீளத்தைத் தாண்டவில்லை. வெந்நீர்ப் பானையின் உட்புறம் படிவது போல ஓட்டின் மேல் வெள்ளைப் படிவு, தடவினால் சொரசொரவென்றிருந்தது. "ஏதோ நோயுங்க ஐயா, மருந்து எழுதிக் கொடுங்க" என்றார். குஞ்சுக்கும் தீவனத்துக்கும் வீட்டு நகையை அடகு வைத்திருக்கிறார். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகுமா என்று கேட்டேன். "வேகாதுங்க, சமையலுக்கு வேற தண்ணிதான்" என்றார். விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது.

இறால் தன் பழைய ஓட்டைக் கழற்றிக் கழற்றித்தான் வளரும். புது ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஆகவே முழுக்க மென்மையான நீரும் உதவாது. ஆனால் அளவு மிஞ்சினால் ஓட்டின் மேலேயே படிவு ஏறி, வளர்ச்சி குன்றுகிறது. ஒரு லிட்டர் நீரில் கடினத்தன்மை 150 மில்லிகிராம் வரை இருப்பது நலம். 300ஐத் தாண்டிய நீரில் நன்னீர் இறால் வளர்க்க முற்படாமல் இருப்பதே மேல். பாறைப் பகுதியின் ஆழ்கிணறுகள் பலவற்றில் இந்த அளவு மிஞ்சிவிடுகிறது. இதற்கு மருந்து கிடையாது. வடகிழக்குப் பருவ மழை நீரையோ, சாக்கடை கலவாத ஏரி நீரையோ குட்டையில் நிரப்பி, கிணற்று நீரைக் குறைவுக்கு மட்டும் சேர்க்க வேண்டும். ஏரி நீரை நெருக்கமான வலை கட்டி விடுங்கள். இல்லாவிட்டால் விராலும் கெளுத்தியும் உள்ளே வந்து இறாலைத் தின்றுவிடும்.

குட்டை என்றால் சுண்ணாம்பு போட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். புளிப்பு நிலத்துக்கு அது சரி. ஏற்கெனவே உப்புப் படியும் நீருக்கு மேலும் சுண்ணாம்பு எதற்கு? மண்ணையும் நீரையும் சோதிக்காமல் ஒரு கூடை கூடக் கொட்டாதீர்கள்.

இந்த இறால் நன்னீரில் வளர்ந்தாலும், குஞ்சுப் பருவத்தில் சற்று உப்பு நீர் இருந்தால்தான் பிழைக்கும். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவில் ஷாவ் வென் லிங் என்ற அறிஞர் இதைக் கண்டறிந்த பிறகே பொரிப்பகங்கள் உருவாயின. அங்கிருந்து வரும் குஞ்சுப் பையை உடனே அவிழ்த்துக் கொட்டக் கூடாது. கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்த பின்னரே விட வேண்டும்.

கிணற்று நீரில் பிராணவாயு மிகக் குறைவு. குழாயை நேரே குட்டையில் விடாமல், கற்களை அடுக்கி அதன் மேல் விழுந்து சிதறி ஓடும்படி செய்யுங்கள். ஒரே நாளில் பாதி நீரை மாற்றுவதும் தவறு. பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

பெரும்பாலான சாவு விடியற்காலையில்தான் நேர்கிறது. பகலில் பாசி பிராணவாயுவைத் தருகிறது. இரவில் அதுவே இறாலோடு போட்டியிட்டு அதைச் செலவழிக்கிறது. கோழி கூவும் நேரத்தில் விளக்கோடு கரையைச் சுற்றி வாருங்கள். இறால்கள் கரையோரம் ஒதுங்கி நின்றால் ஆபத்து என்று அறிந்து உடனே புது நீரைத் தெளித்தாற்போல் பாய்ச்ச வேண்டும். அன்று தீவனமும் சாணமும் வேண்டாம். மேகமூட்டமான நாட்களிலும் அப்படியே. நீரின் பச்சையை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. கையை நீருக்குள் விடுங்கள். ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே விரல்கள் மறைந்தால் பாசி அதிகம்; முழங்கை நனைந்த பிறகும் தெளிவாகத் தெரிந்தால் குறைவு.

தீவனத்தைத் தட்டில் வைத்து இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பது நல்லது. மீதி இருந்தால் மறுநாள் குறையுங்கள். அழுகும் தீவனத்தில் உண்டாகும் அம்மோனியா, நீரின் காரத்தன்மை கூடும்போது மேலும் நஞ்சாகிறது. ஓடு கழற்றிய இறாலை மற்ற இறால்கள் தின்றுவிடும் என்பதால், ஒளிந்துகொள்ளத் தென்னை மட்டை, உடைந்த ஓடு ஆகியவற்றைப் போட்டு வையுங்கள்.

பூச்சி மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். இறாலும் பூச்சியும் நெருங்கிய உறவு. பைரித்ராய்டு மருந்து தெளித்த கருவியைக் குட்டையில் ஒருமுறை கழுவினாலே குட்டை முழுதும் காலியாகலாம். பாசி ஒழிய மயில்துத்தம் போடுவோரும் உண்டு. அதிலுள்ள தாமிரம் இறாலுக்கு நஞ்சு. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் பிள்ளைகள் சிறு இறால் வளர்த்தால் அதற்கும் இதே விதிதான். அங்கே பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீரையும் நேரே ஊற்றக் கூடாது.

நீர் மாதிரி எடுக்க, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். எங்கே சோதிப்பது என்பதை மண் பரிசோதனை நிலையத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ கேட்கலாம். வேங்கிக்கால் உழவர் இருப்பதைப் பிடித்து விற்றுவிட்டு, ஐப்பசி மழைக்காகக் குட்டையைக் காயப்போட்டிருக்கிறார். குஞ்சு வாங்கும் முன் இந்த முறை புட்டியோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.