கரிக்கட்டைக்குள் ஒரு நூலகம்

பார்த்தால் அடுப்பிலிருந்து எடுத்துப் போட்ட கரிக்கட்டை போலத்தான் இருக்கும். தொட்டால் உதிரும். ஆனால், அது ஒரு புத்தகம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, இத்தாலியின் ஹெர்குலேனியம் நகரில் ஒரு மாளிகையும் அதன் நூலகமும் கொதிக்கும் சாம்பலுக்கடியில் புதைந்தன. பாப்பிரஸ் சுருள்கள் கரியாகி, அப்படியே தங்கிவிட்டன. 1750களில் தோண்டி எடுத்தவர்கள், வெறும் கரி என்று நினைத்துச் சிலவற்றைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

புத்தகம் என்று தெரிந்த பிறகும் அவற்றுக்கு நல்ல காலம் வரவில்லை. கத்தியால் பிளந்து பார்த்தார்கள். பியாஜியோ என்ற பாதிரியார், சுருளை நூலில் தொங்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கும் கருவியைச் செய்தார். படிக்கக் கிடைத்தவையும் உண்டு, பொடியாகிப் போனவையும் உண்டு. நூற்றுக்கணக்கான சுருள்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன. கிரேக்க மொழியில் கரைகண்ட அறிஞர்களும் அதற்குமேல் செய்ய வழியில்லாமல் நின்றார்கள்.

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியரான பிரென்ட் சீல்ஸ் இந்தச் சிக்கலைக் கையிலெடுத்தார். சுருளைத் தொடாமல் எக்ஸ்ரே மூலம் ஸ்கேன் செய்து, உள்ளே சுற்றியிருக்கும் அடுக்குகளைக் கணினியிலேயே விரித்துப் படிப்பது அவருடைய யோசனை. சாக்கடல் கரையில் 1970இல் கிடைத்த எரிந்த தோல்சுருள் ஒன்றில் அது பலித்தது. உள்ளே இருந்தது பைபிளின் லேவியராகமம் என்று 2015இல் தெரியவந்தது.

ஹெர்குலேனியம் சுருள்களிடம் அதே முறை தோற்றது. சாக்கடல் சுருளின் மை எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது. இங்கே மையும் கரி, அது படிந்திருக்கும் பாப்பிரஸும் கரி. எக்ஸ்ரேக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த உதவி இயற்பியலிடமிருந்து வந்தது. பிரான்ஸ் வசம் இருந்த சுருள்களை 2019இல் இங்கிலாந்தின் டயமண்ட் சிங்க்ரோட்ரான் என்ற, மிகச் சக்திவாய்ந்த எக்ஸ்ரே கதிர்களை உண்டாக்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட நுட்பமாக ஸ்கேன் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மைத்தடத்தைக் கணினிக்குப் பயிற்சி கொடுத்துக் கண்டுபிடிக்க முடியும் என்று சீல்ஸின் ஆய்வுக்குழு காட்டியது. 2023 மார்ச்சில் ஸ்கேன்களை உலகத்துக்கே திறந்துவிட்டு, ‘வெசூவியஸ் சேலஞ்ச்’ என்ற பரிசுப்போட்டி அறிவிக்கப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கேஸி ஹேண்ட்மர் என்ற இயற்பியலாளர், அந்தப் படங்களை மணிக்கணக்கில் வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தார். வற்றிய குளத்தில் சேறு காய்ந்து வெடித்திருப்பதைப் போன்ற மெல்லிய விரிசல்கள் சில இடங்களில் தெரிந்தன. அது மை காய்ந்த தடம்! நெப்ராஸ்காவில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லூக் ஃபாரிட்டர், அந்த விரிசல்களைக் கொண்டு தன் செயற்கை நுண்ணறிவு நிரலைப் பழக்கினார். ஒரு சொல் எழுந்து வந்தது. ‘போர்ஃபிராஸ்’. கிரேக்கத்தில் ஊதா நிறச் சாயத்தைக் குறிக்கும் சொல்.

எழுத்து என்று கணினி சொல்லிவிட்டால் போதுமா? இல்லாத எழுத்தையும் அது கற்பித்துக் காட்டிவிடும். கணினி காட்டியதைப் பழஞ்சுவடி அறிஞர்கள் தனித்தனியே படித்துச் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கணினி வந்ததும் மொழியறிஞர்களை வேண்டாம் என்று ஓரங்கட்டியிருந்தால், இந்த முயற்சியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

2024 பிப்ரவரியில் 7 லட்சம் டாலர் முதல் பரிசு ஃபாரிட்டர், யூசெப் நாதர், யூலியன் ஷில்லிகர் மூவருக்கும் கிடைத்தது. அவர்கள் மீட்டது 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள். அந்தச் சுருளில் சுமார் 5 சதவீதம். இன்பம் என்றால் என்ன, அரிதாகக் கிடைப்பதுதான் அதிக இன்பம் தருமா என்று அதில் ஒருவர் விவாதிக்கிறார். எழுதியவர் கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் வழிவந்த ஃபிலோடெமஸாக இருக்கலாம் என்கிறார்கள். 2025இல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள இன்னொரு சுருளின் தலைப்பும் கிடைத்தது. அது ஃபிலோடெமஸ் தீயகுணங்களைப் பற்றி எழுதிய நூல்.

சீல்ஸ் இந்தச் சுருள்களோடு இருபது ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார். இடையில் பல ஆண்டுகள் காட்டுவதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. அத்தனை காலம் பொறுத்திருக்கும் பல்கலைக்கழகத்தில்தான் துறை தாண்டிய ஆய்வு வேர்பிடிக்கும்.

ஸ்கேன் தரவுகள் இணையத்தில் இன்றும் திறந்தே இருக்கின்றன. கணினி படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், இன்னும் படிக்கப்படாத சுருள்கள் நூற்றுக்கணக்கில் காத்திருக்கின்றன.