கணக்கில் வராத காற்று

காரின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாவியைத் திருப்பியதும் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அணையாமல் நின்றால், எஞ்சினைக் கவனித்துவரும் கணிப்பொறி ஏதோ குறை கண்டிருக்கிறது என்று பொருள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு செருகுவாய் உண்டு. குறியீடு படிக்கும் சிறு கருவியை அதில் செருகினால் ‘பி 0171’ என்பது போன்ற ஓர் எண் தெரியும். அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்களுக்கு 1996 முதல் இந்த ஏற்பாடு கட்டாயமாயிற்று. பின்னர் மற்ற நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின.

இந்த எண்ணைப் பிரித்துப் படிக்கலாம். ‘பி’ என்பது எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேர்ந்த பகுதி. அடுத்த பூஜ்யம், இது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான குறியீடு என்கிறது. 1 என்பது காற்று, எரிபொருள் அளவைப் பற்றியது. 71 என்பது குறிப்பிட்ட குறை. மொத்தத்தில் இதன் பொருள்: ‘கலவையில் பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று இருக்கிறது.’ எந்த உறுப்பு கெட்டது என்று இதில் ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் பலர் எண்ணைப் பார்த்த உடனே ஆக்சிஜன் உணர்கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதியதை மாட்டுகிறார்கள். நாலு நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. உண்மை சொன்ன சாட்சியைத் தண்டித்தால் குற்றவாளி அகப்படுவானா?

கணிப்பொறிக்கு இது எப்படித் தெரிகிறது? ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பல கார்களில் காற்று வடிகட்டியை அடுத்து ஒரு மெல்லிய கம்பி மின்சாரத்தால் சூடேற்றப்பட்டிருக்கும். உள்ளே போகும் காற்று அதைக் குளிர்விக்கும். சூடு குறையாமல் காக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து, நொடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று தெரிந்துவிடும். அதற்கேற்பக் கணிப்பொறி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. பிறகு, புகைபோக்கிக் குழாயிலுள்ள ஆக்சிஜன் உணர்கருவி, எரிந்தபின் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது. மிஞ்சியிருந்தால் கணிப்பொறி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், இல்லையென்றால் குறைக்கும். இப்படிக் கூட்டிக் குறைக்கும் அளவுக்குத் திருத்தம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நலமான எஞ்சினில் இது பூஜ்யத்தை ஒட்டி, 10 விழுக்காட்டுக்குள் ஆடிக்கொண்டிருக்கும். 25 விழுக்காட்டை நெருங்கியும் போதவில்லை என்றால் விளக்கு எரியும். இந்த வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும்.

விலை மலிவான கருவிகள்கூட இந்தத் திருத்த எண்ணைக் காட்டுகின்றன. துப்பறிய வேண்டிய இடம் இதுதான்.

காற்றை அளக்கும் கம்பிக்குப் பின்னால் ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது உள்குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே வெடிப்பின் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழையும். கம்பி நொடிக்கு 3 கிராம் என்று கணக்குக் காட்டும் நேரத்தில், 0.6 கிராம் கணக்கில் வராமல் போகிறது. பெட்ரோலை 20 விழுக்காடு கூட்டினால்தான் சரிவரும். இப்போது ஆக்சிலேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றுகள் ஓட விடுங்கள். கம்பி 12 கிராம் என்று காட்டுகிறது. வெடிப்பு பெரிதாகிவிடவில்லை, அதே 0.6 கிராம்தான். திருத்தம் 5 விழுக்காடாக இறங்கிவிடும்.

பெட்ரோல் பம்பு தளர்ந்திருந்தாலோ, அதன் வடிகட்டி அடைத்திருந்தாலோ கதை தலைகீழ். மெதுவாக ஓடும்போது தேவை குறைவு; சமாளித்துவிடும். மேட்டில் ஏறும்போதுதான் பற்றாமல் போய்த் திருத்தம் மேலே ஏறும். அளக்கும் கம்பியில் தூசு படிந்திருந்தாலும் பெரும்பாலும் இப்படியே. தூசு போர்த்திய கம்பி குளிர்வதில்லை. வந்த காற்றைக் குறைத்துச் சொல்கிறது. ஒரே குறியீடு, இரண்டு வேகங்களில் இரண்டு எண்கள். வீட்டு வாசலிலேயே பாதி வழக்கு முடிந்தது!

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் இந்தக் கம்பி கிடையாது. உள்குழாயின் அழுத்தத்தை அளந்தே காற்றைக் கணக்கிடுகிறார்கள். அங்கே திருட்டுக் காற்றும் அழுத்தத்தைக் கூட்டுவதால் கணக்கில் வந்துவிடும். மேற்படி குறியீடு வராமல், எஞ்சின் வேகமாக ஓடிக்கொண்டிருப்பதே அறிகுறியாகலாம். உங்கள் வீட்டுக் கார் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெடிப்பைத் தேடும் வேலையைப் பெரியவர் ஒருவரோடு, திறந்த வெளியில் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, காற்றுப் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை செல்லும் மடிப்புக் குழாயை விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்பின் அடியில் ஒளிந்திருப்பது வழக்கம். கிளிப்புகள் இறுகியிருக்கின்றனவா, எண்ணெய் மூடியும் எண்ணெய் அளக்கும் கம்பியும் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒரு முழ ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் குழாய்கள் ஓரமாக நகர்த்தினால் ‘உஸ்’ என்ற ஒலி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சட்டைக் கையையும் விரலையும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே கொண்டுபோகக் கூடாது. தீப்பற்றும் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. சூடான எஞ்சின்மேல் அது ஆபத்து, வேண்டவே வேண்டாம்.

இந்தத் தேடலில் விட்டுவிடக் கூடாத குழாய் ஒன்று உண்டு. உள்குழாயிலிருந்து பிரேக் உதவிப் பெட்டிக்குச் செல்லும் தடித்த குழாய் அது. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடமே நம் காலுக்குத் துணையாக பிரேக்கை அழுத்துகிறது. எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்பினால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் விளக்கைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு, காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே முறை.

வெடித்த குழாய்க்கு டேப் சுற்றுவது சில நாள் வைத்தியம். புதுக் குழாயே மருந்து. கம்பியில் தூசு என்றால் அதற்கென்றே விற்கும் திரவத்தைப் பீய்ச்சி உலரவிட வேண்டும். துணியோ விரலோ பட்டால் கம்பி அறுந்துபோகும். பெட்ரோல் குழாயைக் கழற்றும் வேலை வீட்டில் ஆகாது. பல கார்களில் அதற்குள் காற்றழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும்.

குறியீட்டை முதலிலேயே அழித்துவிடவும் கூடாது. குறை தோன்றிய கணத்தில் எஞ்சின் என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில் ஓடியது என்ற குறிப்பும் அதோடு சேர்ந்து அழிந்துபோகும். அதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழுதைச் சரிசெய்தபின் திருத்தம் பூஜ்யத்தை நோக்கி இறங்குவதைக் கருவியில் பார்க்கலாம். நாம் ஒன்றும் அழிக்காவிட்டாலும், அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் குறை தென்படாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும். எண் மட்டும், எஞ்சின் 40 முறை சூடேறி ஆறும் வரை கணிப்பொறியின் நினைவில் தங்கியிருக்கும்.